தங்கைக்கு வீடு, தனக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இளையோர் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது 2022இல் 26.4. குரோசியாவில் 33ஐத் தாண்டியது, பின்லாந்தில் 21தான். வாடகையும் நிலையற்ற வேலையும் அங்கே தடை.

இலங்கையின் கிழக்கே, திருகோணமலை மாவட்டத்து வெருகலில் தடை வேறு. மகாவலியின் கிளை கடல் சேரும் இந்தப் பிரதேசத்தில் வயலும் மீனும் மாடுமே பிழைப்பு. 2004 சுனாமியும் 2006 போர் இடப்பெயர்வும் குடும்பங்களின் கையிருப்பைக் கரைத்தன; 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கிழக்கின் வழமைப்படி மகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். அண்ணன்மார் கட்டாருக்கு விமானம் ஏறுவது பெரும்பாலும் தங்கையின் சீதன வீட்டுக்காகத்தான். அந்த வீடு பெண்ணுக்குக் காப்பு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் முழுப் பாரத்தையும் இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது கொடுமை.

காணியும் எளிதல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி பிரிக்கவோ விற்கவோ முடியாது. அதனால் ஒரே வளவுக்குள் கொட்டிலுக்கு மேல் கொட்டில் முளைக்கிறது.

அரச காணி பகிர்ந்தளிக்கும் அடுத்த காணிக் கச்சேரியில் இளம் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும். பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.