டிஸ்கோ பீட்டில் ஹிந்தோளம்... 28 வருஷம் காத்திருந்த ஆல்பம்!

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போனால் இதைக் கவனிக்கலாம். பாடகர் ஆலாபனையை ஆரம்பித்த பத்தாவது நொடியில், பின்வரிசை மாமி பக்கத்து சீட் பக்கம் சாய்ந்து "ஹிந்தோளம்தானே?" என்பார். இன்னொருவர் ராகப் பட்டியல் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பார். அந்தக் காதுகளுக்காகவே இந்த வாரம் ஓர் ஆல்பம். இதில் பாடகர் இல்லை, மிருதங்கம் இல்லை. மூன்று ஜப்பான் மெஷின்களும் ஒரே ஒரு மனிதரும்தான்.

ஆல்பத்தின் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. 1982-ல் மும்பையில் சரண்ஜித் சிங் உருவாக்கியது. நம் வீடுகளில் 'ஹெச்.எம்.வி' என்றே அறியப்பட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா இசைத்தட்டாக வெளியிட்டது. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம்.

சரண்ஜித் இந்தி சினிமாவின் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் வாசித்தவர். பேஸ் கிட்டார், கீபோர்டு இரண்டும் கைவந்தவை. ஆர்.டி.பர்மன் உட்படப் பல இசையமைப்பாளர்களுக்கு வாசித்திருக்கிறார். ஆனால், இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர் பெயர் வரும். வாசித்தவர் பெயர் வராது. கோடம்பாக்கத்திலும் அதே கதைதான். இளையராஜா பாடல்களின் கீபோர்டு நமக்கு மனப்பாடம். அதை வாசித்த விஜி மேனுவலின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1982 இந்தி சினிமா முழுக்க டிஸ்கோ ஜுரம் அடித்த காலம். சரண்ஜித்திடம் அப்போது புத்தம் புது ரோலண்ட் கருவிகள் மூன்று இருந்தன. தாளத்துக்கு டிஆர்-808, மெலடிக்கு ஜூபிட்டர்-8, பேஸுக்கு டிபி-303. இந்த 303-க்கு ஒரு சோகக் கதை உண்டு. தனியாக வாசித்துப் பழகும் கிட்டார் கலைஞர்களுக்கு, பேஸ் கிட்டார்காரர் இல்லாத குறையைத் தீர்க்கவே அதைச் செய்தார்கள். அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. நிஜ பேஸ் மாதிரி ஒலிக்காமல் ரப்பரை இழுத்துவிட்டது போல் 'ங்ங்வியாவ்' என்றது. விற்பனை படுத்துவிட, 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பேஸ் கிட்டார்காரரை வீட்டுக்கு அனுப்ப வந்த மெஷினை ஒரு பேஸ் கிட்டார்காரரே வாங்கி வந்து ராகம் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை.

ராகங்களுக்கு வருவோம். எல்லாமே இந்துஸ்தானிப் பெயர்கள் என்பதால் பயப்பட வேண்டாம். பூபாலி என்றால் நம் மோகனம். மால்கௌன்ஸ், ஹிந்தோளம். யமன், கல்யாணி. கலாவதியைக் கேட்டால் வலஜி, பைராகியைக் கேட்டால் ரேவதி. ஒரே ஒரு இடத்தில் கால் இடறும். பட்டியலில் உள்ள பைரவி நம் பைரவி அல்ல. அதன் ஸ்வரங்கள் நம் தோடியுடையவை. சரி, அப்படியானால் பட்டியலில் இருக்கும் தோடி? அது சுபபந்துவராளி! அடையாறு இசைக் கல்லூரி மாணவர்களுக்கு இது பால பாடம். மற்றவர்கள் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

மெஷினில் ராகம் நிற்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீபோர்டில் ஒரு கட்டைக்கு அடுத்து இன்னொரு கட்டை. நடுவில் ஸ்வரத்தை ஊஞ்சலாட்ட இடம் குறைவு. கமகத்தையே நம்பி வாழும் ராகங்கள் இங்கே கொஞ்சம் விறைத்துத்தான் போகின்றன. ஆல்பத்தில் தோடி அப்படித்தான் இருக்கிறது, அதிகம் ஒட்டவில்லை. ஆனால் ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட பூபாலியும் மால்கௌன்ஸும் 808 அடிக்கு மேல் அநாயாசமாக ஓடுகின்றன. அந்த 303-இல் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். நம் பாட்டு டீச்சர்கள் இதைத்தான் 'ஜாரு' என்பார்கள். ஜப்பான் இன்ஜினீயர்கள் அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள்!

குறையும் உண்டு. பத்து டிராக்குகளிலும் பீட் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே மூச்சில் கேட்டால் ஆறாவது ராகத்தில் கை தானாக 'நெக்ஸ்ட்' பட்டனைத் தேடும். தினம் இரண்டு போதும்.

வெளியானபோது ஆல்பம் விற்கவில்லை. டிஸ்கோ ஆடுபவர்களுக்கு ராகம் வேண்டாம், ராகம் கேட்பவர்களுக்கு டிஸ்கோ வேண்டாம். 1987-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 'ஃபியூச்சர்' என்ற குழு, மலிவாகக் கிடைத்த பழைய 303-ன் திருகுகளைத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகை பிறந்து ஐரோப்பாவையே ஆட வைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் பழைய இசைத்தட்டுகளைத் தேடி இந்தியாவுக்கு வந்தபோது சரண்ஜித்தின் தட்டு சிக்கியது. 2010-ல் அவர் அதை மறுவெளியீடு செய்ய, கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. 'இது 1982 இல்லை, யாரோ இப்போது செய்து பழைய தேதி போட்டிருக்கிறார்கள்' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

அதன்பிறகு 'ஆசிட் ஹவுஸின் தந்தை' என்று பட்டம் கட்டினார்கள். அது கொஞ்சம் ஓவர். சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே மெஷினைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். மேற்கத்திய விமர்சகர்கள் 303-ஐக் கேட்டார்கள். அதற்கு மேலே போகும் மோகனத்தைக் கேட்க மயிலாப்பூர் காது வேண்டும்.

எழுபது வயதைத் தொட்ட பிறகு சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்தார். இருபது வயதுக்காரர்கள் முன்னால் நின்று ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். 28 வருஷ மௌனத்துக்குப் பிறகு கிடைத்தது ஐந்து வருஷக் கைதட்டல்.

யூடியூபில் ஆல்பம் பெயரைத் தட்டினால் வரும். போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது, ஹெட்போன் கட்டாயம். பூபாலியில் ஆரம்பியுங்கள். அது முடிந்த கையோடு, 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைப் போடுங்கள். 1988-ல் சென்னையில் இளையராஜா சிந்தசைஸர் துள்ளலோடு தந்த அதே மோகனம். வீட்டில் சபா தாத்தா இருந்தால் ராகத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு பக்க இயர்போனை அவரிடம் நீட்டுங்கள். பீட் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்.