ஒப்புக்கொண்ட பிறகும் பேச வேண்டும்

அமெரிக்கக் கல்லூரி அணியில் இடம் உறுதியானதும், அந்தக் கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் பகிர்வது பள்ளி மாணவர்களின் வழக்கம். பல ஆண்டு உழைப்புக்குப் பின் வரும் அந்த மகிழ்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அதுவரை வாரம் தவறாமல் பயிற்சியாளருக்கு மின்னஞ்சலும் ஆட்டக் காணொளியும் அனுப்பிய பிள்ளைகளில் பலர் அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். "அதான் கமிட் ஆயாச்சே, இனி எதற்குத் தொந்தரவு?" என்ற எண்ணம் பெற்றோருக்கும் வந்துவிடுகிறது. இந்த மௌனம் தவறு. இன்றைய சூழலில் அது ஆபத்தும்கூட.

பெரும்பாலான விளையாட்டுகளில், 10ஆம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15 முதல் பயிற்சியாளர்கள் மாணவர்களை நேரடியாகத் தொடர்புகொள்ளத் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அனுமதிக்கிறது. 11ஆம் வகுப்பிலேயே வாய்மொழியாகச் சம்மதம் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அதற்கும் கல்லூரியில் கால் வைப்பதற்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேல் ஓடிவிடும். அந்த வாய்மொழிச் சம்மதம் மாணவரையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு இரு வீட்டாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, கல்யாணத்தன்று மண்டபத்தில் சந்திப்போம் என்று இருப்பார்களா?

முன்பு ஒரு பாதுகாப்பு இருந்தது. 1964இல் தொடங்கிய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தம், கையெழுத்திட்ட மாணவரையும் கல்லூரியையும் ஓராண்டுக்குப் பிணைத்தது. 2024 அக்டோபரில் என்சிஏஏ அதைக் கைவிட்டது. உதவித்தொகை ஒப்பந்தமே இப்போது அந்த இடத்தில் இருக்கிறது. உதவித்தொகை பெறுபவருக்குக் கையில் ஒரு தாளாவது இருக்கும். உதவித்தொகை இல்லாமல் 'வாக்-ஆன்' ஆக அணியில் சேர்பவருக்குப் பயிற்சியாளரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

அந்தச் சொல் எவ்வளவு எளிதில் உடையும் என்பதை 2025 காட்டியது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தில், உதவித்தொகைகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீங்கி, அணியின் அளவுக்கே வரம்பு வந்தது. சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்துக்கு 105 பேர், பேஸ்பாலுக்கு 34, டென்னிஸுக்கு 10. அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது. சமரசம் இறுதியாகும் முன்பே பல கல்லூரிகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கின. ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இடம் உண்டு என்ற வாக்கை நம்பி மற்ற கல்லூரிகளின் அழைப்பை மறுத்திருந்த 12ஆம் வகுப்பு மாணவர்களும் கைவிடப்பட்டார்கள். இவர்களுக்கு வழிசெய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏப்ரலில் நிறுத்திவைத்தார். அதன்பின் இவர்களை வரம்பில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற விலக்கு வந்தது. ஜூன் 6 அன்று சமரசமும் ஒப்புதல் பெற்றது. ஆனால், அந்த விலக்கைப் பயன்படுத்துவதா என்பதைக் கல்லூரிகளே முடிவு செய்துகொள்ளலாம். இது போதாதென்று, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, கல்லூரி ஆட்டத்தில் தேர்ந்த வீரர்கள் ஆண்டுதோறும் அணி மாறுகிறார்கள். 17 வயதுப் பிள்ளை அவர்களோடும் போட்டியிட்டே இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2025இல் இடம் இழந்தவர்களிலும் ஒழுங்காகத் தொடர்பில் இருந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால், பேசிக்கொண்டிருப்பவருக்குச் சேதி முன்கூட்டியே தெரியவும், வேறு கல்லூரியைத் தேட நாள் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

எதைப் பேசுவது? வென்ற கோப்பைகளைச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சொல்லத் தயங்கும் செய்திதான் முதலில் போய்ச் சேர வேண்டும். முழங்கால் தசைநார் கிழிந்தால், அதைப் பயிற்சியாளர் அடுத்தவர் வாயிலாகக் கேள்விப்படக் கூடாது. மதிப்பெண் சரிந்தாலும் அப்படியே. முதல் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட, என்சிஏஏ ஏற்ற 16 பாடங்களும் அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் வேண்டும். அவற்றில் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அதுபோக, கடைசி ஆண்டில் மதிப்பெண் வெகுவாக விழுந்தால் கல்லூரியே சேர்க்கையைத் திரும்பப் பெறலாம். சிக்கலை அக்டோபரில் சொன்னால் பயிற்சியாளரால் ஏதாவது செய்ய முடியும். ஜூனில் சொன்னால் அவராலும் முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேச வேண்டியவர் மாணவர். அப்பாவோ அம்மாவோ அல்ல. நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் மின்னஞ்சலை அப்பாவே எழுதுவதும், தொலைபேசியில் அம்மாவே பேசுவதும் அன்பினால் நடப்பவை. ஆனால், நான்கு ஆண்டுகள் அந்தப் பயிற்சியாளரோடு பயணம் செய்து, திட்டு வாங்கி, தோல்விக்குக் காரணம் சொல்லப்போவது பிள்ளைதான். உதவித்தொகைக் கணக்கைப் பெற்றோர் கேட்கட்டும். மற்றதையெல்லாம் மகளோ மகனோ தன் சொற்களில் எழுதட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை.

சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆண்டுகளில் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். அந்தப் பாதையில் போக விரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொடர்பு இன்னும் முக்கியம். மதிப்பெண் பட்டியல்கள் என்சிஏஏவின் தகுதி மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கல்லூரியிலிருந்து ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வர வேண்டும், அதை வைத்து விசா வாங்க வேண்டும். இடையில் ஒரு போட்டியில் பரிசுப் பணம் வாங்குவதாக இருந்தால், வாங்கும் முன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.

சரி, பயிற்சியாளர்களின் கடமை? அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது, அவரை நம்பி வந்திருந்தவர்கள் சில நாட்களில் வேறொருவரின் அணியில் இருந்தார்கள். பயிற்சியாளர் விலகுவதை யாரும் தடுக்க முடியாது. அணியில் இடம் குறையப்போவது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதைத் தடுக்க முடியும். மாணவரிடம் விசுவாசம் கேட்கும் கல்லூரி, அவருடைய இடம் ஐயத்துக்குள்ளானால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை என்சிஏஏ கொண்டுவர வேண்டும். உதவித்தொகை இல்லாதவர்களுக்கும் அது பொருந்த வேண்டும். அந்த விதி வரும்வரை மாணவர்களே கேட்க வேண்டும்: "அடுத்த ஆண்டு அணியில் எத்தனை பேர், அதில் என் இடம் உறுதிதானா?" நேரான பதில் வராவிட்டால், வேறு கல்லூரிகளின் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.