பத்து நாள் ஆரவாரம்

பேராரவாரத்தோடு தோன்றும் முயற்சி நிலைத்தே தீரும் என எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணத்தைப் பொய்ப்பித்த சென்னை அணி ஒன்றின் வரலாற்றை இம்மாதம் நோக்குவோம்.

உள்ளரங்கக் கால்பந்தாகிய ஃபுட்சால், 1930-இல் உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோ நகரில் பிறந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் ஆசிரியராயிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் தளத்திலேயே ஆடத்தக்கதாக இதனை வகுத்தார். பக்கத்திற்கு ஐவர்; பந்து சிறியது, அதிகம் துள்ளாதது. இடம் குறுகியதாதலால் கால்நுட்பமும் விரைந்த சிந்தனையும் கூர்மையடைகின்றன. பெலே, ஜிக்கோ முதலியோர் இளமையில் இதனை ஆடி வளர்ந்தவர்களே.

2016 ஜூலை 15 அன்று சென்னை ஜவகர்லால் நேரு உள்ளரங்கில் ‘பிரீமியர் ஃபுட்சால்’ ஆறு அணிகளோடு தொடங்கிற்று. ‘சென்னை ஃபைவ்ஸ்’ அணியின் நட்சத்திரம் பிரேசிலின் ஃபல்காவோ. 2008, 2012 ஃபுட்சால் உலகக் கோப்பைகளை வென்ற வீரர். கோவா அணியின் ரொனால்டினோ சென்னையில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள் அடித்தார். ஆனால் இரண்டு ஆட்டங்களோடு விடைபெற்றுச் சென்றார். சென்னை அணி அரையிறுதியை எட்டவில்லை. 24-ஆம் நாள் கோவாவில் கொச்சியை வென்று மும்பை வாகை சூடியது. மறு ஆண்டில் நம் தலைநகரின் அணி ‘சென்னை சிங்கம்ஸ்’ எனப் புதுப்பெயர் பூண்டது. மூன்றாம் ஆண்டுப் போட்டி நடைபெறவேயில்லை.

இப்போட்டிக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லை. ஆண்டில் சில நாள்களே ஆட்டம். முன்னணி வீரரோ கடல் கடந்து வந்து மீள்பவர். அத்தகைய அணி ஊரோடு உறவு கொள்வது எங்ஙனம்? எனினும் விளையாட்டு மடியவில்லை. அக்கூட்டமைப்பே 2021-இல் கழகங்களுக்கான ஃபுட்சால் போட்டியைத் தொடங்கியது. 2023-இல் இந்திய ஆடவர் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் களம் கண்டது.

நெய்வேலி மக்களாகிய நமக்கு இதில் புரியாதது ஏதுமில்லை. 1957 மே மாதம் இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மேல்மண்ணை அகற்றியும் நிலத்தடி நீரை இறைத்தும் பொறுமையோடு உழைத்தார்கள். அப்பொறுமையின் பயனால் வாழ்பவர்கள் நாம்.

பெற்றோரே, தம் பிள்ளை ஒரே தாவில் புகழ் பெறவேண்டும் என்னும் ஆவல் உங்களில் பலருக்கு உண்டு. தொலைக்காட்சியில் தோன்றாத விளையாட்டு வீண் என்றும் சிலர் கருதுகின்றனர். பள்ளியின் கூடைப்பந்துத் தளம் ஒன்று, இரு சிறு கோல் கம்பங்கள், தவறாது வரும் பயிற்சியாளர் ஒருவர்: இவை போதும், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இவ்வாட்டத்தைப் பயில. வாரம் இருமுறை அவர்களை அனுப்பி வையுங்கள். இயன்றபோது நீங்களும் சென்று பாருங்கள். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும், ஐவர் ஒருவரையொருவர் நம்பி ஆடக் கற்றது அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.