நகத்தையும் காட்டுங்கள்

கொழுந்து பறிக்கும் கையில் கறை புதிதல்ல. மண்வெட்டி பிடிக்கும் கையும் அப்படித்தான். ஆகவே நகம் மஞ்சளித்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. கால் வீங்கினால் நின்று வேலை செய்த வீக்கம் என்கிறோம். இருமல் நீடித்தால் பதுளை மலைக் குளிரைக் குறை சொல்கிறோம். ஆனால் இம்மூன்றும் ஒருவரிடமே காணப்பட்டால் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

மஞ்சள் நக நோய் என்றொரு நோய் உண்டு. 1964ஆம் ஆண்டில் சம்மன், வைற் என்ற இரு ஆங்கில வைத்தியர்கள் இதனை விவரித்தனர். மிக அபூர்வமானது, பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. நகங்கள் தடித்து, வளைந்து, மஞ்சளாகி, மிக மெதுவாக வளரும். நிணநீர் சரிவர வடியாமல் கால்கள் வீங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும்; சளியும் இருமலும் ஓயாது. இவை எப்போதும் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஆண்டுகள் கழியலாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதுவே இடைஞ்சல். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. அவ்வாறு உயிரை மட்டும் காத்துக்கொண்டு வருபவரிடம் கிளினிக் கொப்பி ஏது? புதிய இடத்து வைத்தியர் இன்றைய இருமலைப் பார்க்கிறார். முந்திய வீக்கத்தை அவர் அறியார். அறிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. அதைச் சொல்வது நமது உரிமை, கடமையும்கூட.

வீண் பயம் வேண்டாம். நகம் மஞ்சளாவது பெரும்பாலும் பூஞ்சணத்தாலேயே. கால் வீக்கத்துக்கு இருதயமோ சிறுநீரகமோ காரணமாகலாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் முதலில் காசநோய்ச் சோதனை அவசியம். அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். மஞ்சள் நக நோய் மற்றவருக்குத் தொற்றாது. யானைக்கால் என்று எவரையும் ஒதுக்கி வைப்பது தவறு. நுரையீரலைச் சுற்றிய நீரை வைத்தியர் எடுத்துவிடலாம், தொற்றுக்கு மருந்துண்டு, காலை இறுக்கிக் கட்டி வீக்கத்தைக் குறைக்கலாம்.

ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் கிளினிக்குக்குப் போகிறோம். அந்த நாள் வீணாகக்கூடாது. எது எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். வைத்தியர் அவசரப்பட்டாலும் கூசாமல் கைகளை நீட்டுங்கள். செருப்பைக் கழற்றிக் கால்களையும் காட்டுங்கள்.