ஆராய்ச்சிப் பணியும் ஆசிரியர் கடமையும்

புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடமாக வெளியிட்டனர். புரத அமைப்புகளைச் சரிபார்க்க அவ்வரைபடம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இராமச்சந்திரன் பௌதிகம் பயின்றவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மூலக்கூற்று உயிரியலுக்கும் கணிப்பு உயிரியலுக்கும் இளம் ஆராய்ச்சியாளரை நாடும் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடப் பயிற்சியோடு புள்ளியியல் அறிவையும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் திறனையும் எதிர்பார்க்கின்றன. நாமோ, உயிரியலை விரும்பும் மாணவரிடம் கணிதம் வேண்டுவதில்லை என்று பள்ளியிலேயே கூறிவிடுகிறோம். அச்சொல்லால் பின்னாளில் அவர் இழப்பது பெரிது. இவ்வழக்கத்தை நாம் கைவிடவேண்டும்.

உண்மையை மறைத்தலும் தகாது. இப்பதவிகளுள் பல, ஒரு திட்டத்தின் காலம் வரையே நிலைப்பன. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். தேசியத் தகுதித் தேர்வின் வாயிலாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோர் நிலை வேறு. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, அவர்க்கு முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உரியன. இவ்வேறுபாட்டை அறிந்தே மாணவர் விண்ணப்பிக்கவேண்டும்.

பல்கலைக்கழகங்கள் தம் அறிவிப்புகளைப் போதிய அவகாசத்துடன் மாவட்டக் கல்லூரிகளுக்கும் அனுப்புதல் நன்று. களப் பணியாளரும் ஆசிரியரும் அவற்றைத் தம் ஊர் மாணவர்க்குப் படித்துக் காட்டி விளக்குவாராக. தகுதியுள்ள ஒருவர் செய்தி எட்டாமையால் வாய்ப்பிழந்தார் என்ற நிலை எவ்வூரிலும் நேரலாகாது.