புகையை விட்டொழிக்கத் துணை வேண்டும்

"மன உறுதி ஒன்று இருந்தால் போதும், சிகரெட்டை நாளைக்கே விட்டுவிடலாம்." விடுதி அறையிலும் தேநீர்க் கடையிலும் இந்த உபதேசத்தைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. கேட்பதற்கு வீரம் செறிந்த சொல்தான். ஆனால், இச்சொல்லால் நன்மையைக் காட்டிலும் தீமையே மிகுதி என்பது என் கருத்து. விட முயன்று தோற்ற ஒருவனைக் கோழை என்று இது முத்திரை குத்திவிடுகிறது. தோல்விக்கு நாணியவன் மறுமுறை முயல்வதில்லை. நண்பர் கண்ணில் படாத சந்தில் நின்று புகைக்கத் தொடங்குகிறான்.

புகைப் பழக்கம் தனியே வந்த பழக்கமா என்று சற்றே எண்ணிப் பாருங்கள். முதல் சிகரெட்டைத் தானே தேடிச் சென்று காசு கொடுத்து வாங்கியவர் மிகச் சிலர். "ஒரு 'தம்' இழுத்துப் பார், ஒன்றும் ஆகாது" என்று ஒரு தோழன் நீட்டியதே பெரும்பாலோர்க்கு முதல் சிகரெட்டு. தேர்வு முடிந்த களிப்பில் ஒன்று, தேர்வில் தவறிய துயரத்தில் ஒன்று என நட்பின் பெயராலேயே அது வளர்ந்தது. கூட்டம் கொடுத்த பழக்கத்தைத் தனி ஒருவன் தோளில் ஏற்றி, "நீயே சுமந்து சென்று எறிந்துவிட்டு வா" என்று கூறுவது எவ்வகையில் நியாயம்? கூடிப் பெற்றதைக் கூடியே விட வேண்டும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதுவே.

எங்கோ நடப்பதைப் பற்றி நான் பேசவில்லை. பிழைப்பையும் படிப்பையும் நாடித் தமிழகத்திலிருந்து வந்த எத்தனையோ பேரில் நானும் ஒருவன். பங்காருபேட்டையில் தங்கி, நாள்தோறும் இரயிலேறிப் படிக்கச் செல்பவன். எனக்கு முன்பே, நூறாண்டுகளுக்கும் மேலாக, வட ஆற்காட்டுத் தமிழரும் சேலத்துத் தமிழரும் இவ்வழியே கோலார் தங்கவயலுக்கு வந்தனர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தபின், பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவரே. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு அவர்கள் இறங்கினார்கள். பொன் மேலே வந்தது. பாறைத் தூசு அவர்கள் நுரையீரலில் தங்கியது. 'சிலிக்கோசிஸ்' எனப்படும் தூசு நோயைப் பற்றி இந்நாட்டில் வெளிவந்த முதல் ஆய்வுகளில் ஒன்று, 1947ஆம் ஆண்டில் இத்தங்கவயல் தொழிலாளரைப் பற்றியதே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து தங்கவயலின் பிழைப்பு இரயில் தண்டவாளத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி பங்காருபேட்டை வந்து பெங்களூருக்குச் செல்கிறது. பொழுது புலருமுன் ஏறி, இருட்டிய பின் திரும்புகிறார்கள். நிற்க இடமில்லாத நெரிசல், நிலையில்லாத வேலை, கட்ட வேண்டிய கடன், எழுத வேண்டிய தேர்வு - இத்தனைக்கும் இடையே கையில் ஒரு பீடியோ சிகரெட்டோ தோழனாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் வண்டியில் புகைப்பதைத் தண்டத்திற்குரிய குற்றம் ஆக்கியிருக்கிறது. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2ஆம் நாள் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. ஆயினும் என்ன? நடைமேடையின் கோடியிலும், நிலையத்திற்கு வெளியே தேநீர்க் கடை வாசலிலும் புகை எழுந்தவண்ணமே இருக்கிறது. புகைவண்டி என்று நாம் இன்றும் அழைக்கும் வண்டி புகை விடுவதை நிறுத்தி நெடுநாளாயிற்று. அதில் ஏறுகிறவர்கள்தாம் இன்னும் நிறுத்தவில்லை!

அன்றைய தொழிலாளிக்குத் தூசு வேலையோடு வந்தது. கூலி வேண்டுமானால் தூசையும் ஏற்றாக வேண்டும். அவனுக்கு வேறு வழியில்லை. இன்று நாம் புகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. புகையும் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் உழைத்த அறிஞர்களும் சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதி ஊர்களிலும் நிகழ்ந்த 43,000 ஆடவர் மரணங்களை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நகரத்தில் புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மிகுதியாக இருந்தது. அயல்நாட்டுக் கணக்கன்று இது; நம் ஊர்க் கணக்கு. பீடி இலையில் சுருட்டியது சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று நம்புவோரும் உளர். பீடி அடிக்கடி அணையும். அணையாமல் காக்க அடிக்கடி இழுக்க வேண்டும். ஆதலால் நச்சு குறைவதில்லை.

"எல்லாம் தெரியும், ஆனால் மனம் படும் பாட்டிற்கு ஒன்று பற்ற வைத்தால்தான் அமைதி வருகிறது" என்பார்கள். விஞ்ஞானம் பயில்கிறவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி கூற வேண்டியது என் கடமை. புகையிலுள்ள நிக்கோட்டின் இழுத்த சில நொடிகளுக்குள் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. அளவு குறையக் குறையப் படபடப்பும் எரிச்சலும் கவனச் சிதறலும் தோன்றுகின்றன. அடுத்த சிகரெட்டு அவற்றைத் தணிக்கிறது. ஆக, சிகரெட்டு தணிப்பது சிகரெட்டே மூட்டிய தவிப்பை! நம் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு, ஐந்து ரூபாயைத் திருப்பித் தருகிறவனை வள்ளல் என்று புகழ்வோமா? 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, புகையை விட்டவர்களுக்கு மனக்கலக்கமும் சோர்வும் நெருக்கடி உணர்ச்சியும் குறைந்தன என்றே காட்டுகிறது.

தவிப்பின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். விட்ட முதல் மூன்று நாட்கள் மிகக் கடுமையானவை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அந்நாட்களிலும் ஆசை இடைவிடாமல் இருப்பதில்லை. அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தாழ்ந்துவிடுகிறது. எனவே, வாழ்நாள் முழுவதற்குமான வைராக்கியத்தை ஒரே நாளில் தேட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் உடன் நின்று பேச ஒருவர் வேண்டும். அவ்வளவே. அந்த ஐந்து நிமிடத்தில் தனியே நிற்கிறவன் கடைக்குப் போகிறான். நண்பன் அருகிலிருந்தால் பேச்சிலேயே அலை தாழ்ந்துவிடுகிறது.

இன்னொரு கண்டமும் உண்டு. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புகையை விட்டவுடன் உடல் நலம் பொங்கி வழியும் என்று எதிர்பார்க்கிறவனுக்கு நேர்மாறாக நடப்பதுண்டு. இருமல் மிகுகிறது; வாயில் புண் வருகிறது; மலச்சிக்கலும் தூக்கக் குறைவும் தொல்லை தருகின்றன; ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடுகிறது. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் பதினொரு நாட்கள் புகையாதிருந்தார். பன்னிரண்டாம் நாள், "பிடித்தபோது இல்லாத இருமல் விட்ட பிறகு வருகிறதே! சிகரெட்டுதான் என்னைக் காத்தது போலும்" என்று சொல்லி மீண்டும் பற்ற வைத்தார். உண்மை என்ன? மூச்சுக் குழலின் உட்புறத்தில், அழுக்கைக் கூட்டி வெளியே தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன. புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. புகை நின்றதும் அவை மறுபடி வேலை தொடங்குகின்றன; தேங்கிய சளி மேலே வருகிறது. அவ்விருமல் வீடு கூட்டும்போது எழும் தூசு போன்றது. இதை அவருக்குச் சொல்ல, அந்தப் பாதையை முன்பே கடந்தவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் பன்னிரண்டாம் நாளும் கடந்திருக்கும். அதே வேளையில், இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ, அரசு மருத்துவமனைக்குச் சென்று காசநோய்ச் சோதனை செய்துகொள்ளச் சொல்வதும் நண்பன் கடமையே. அச்சோதனைக்கு அங்கே கட்டணமில்லை.

துணையின் வலிமைக்குச் சான்று கேட்பார் கேட்கட்டும். அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊரை மையமாகக் கொண்டு 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் கிறிஸ்டாக்கிஸ், பௌலர் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கணவன் மனைவியரில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதமும், நண்பர் ஒருவர் விட்டால் 36 சதவீதமும் குறைந்திருந்தன. மக்கள் தனித்தனியே விடவில்லை. குழுக் குழுவாகவே விட்டிருந்தனர். ஒத்த மனத்தினர் தாமே நட்புக் கொள்வதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம் என ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயம் நியாயமானதே. ஆனால், குழுவாகக் கூடி வழிகாட்டுதல் பெற்றவர்கள், கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு தனியே முயன்றவர்களைவிட மிகுதியாக வெற்றி பெற்றனர் என்று சோதனை முறையில் நடத்தப்பட்ட பல ஆய்வுகளின் தொகுப்பும் கூறுகிறது. நம் வள்ளுவர் வினைத்திட்பத்திற்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; நட்பின் நன்மை தீமைகளை ஆராய ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். மனித மனத்தை அறிந்தவர் அல்லவா!

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது யாது? பெரிய மாநாடு வேண்டாம். உறுதிமொழிப் பத்திரமும் வேண்டாம். ஐந்து பேர் போதும். ஒரே விடுதியில் வாழும் ஐவர், அல்லது ஒரே பெட்டியில் அன்றாடம் பயணம் செய்யும் ஐவர். அவர்களுள் ஒருவரேனும் முன்பே புகையை விட்டவராக இருத்தல் நலம். எல்லோரும் ஒரே நாளைக் குறித்து விடட்டும். ஆசை எழும் வேளையில், "எனக்கு இப்போது வேண்டும் போலிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கொருவர் உரிமை தரட்டும்; நள்ளிரவாயினும் தொலைபேசியில் அழைக்கலாம். தேநீரும் சிகரெட்டும் இணைபிரியா இரட்டையராகி விட்டமையால், முதல் மாதத்தில் தேநீரைப் புகை இல்லாத கடையில் சேர்ந்து அருந்தட்டும். ஒருவன் தவறி ஒன்று பிடித்துவிட்டால், அன்றிரவே நண்பரிடம் கூறி, மறுநாள் காலை தொடரட்டும். வழுக்கியவன் எழுந்து நடக்கலாம். மலையடிவாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அவனை எள்ளி நகையாடுபவர் அக்குழுவில் இருக்கத் தகுதியற்றவர்.

"சங்கம் போலீசு வேலை பார்க்கப் போகிறதா?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பையைச் சோதிப்பதும் வாயை முகர்ந்து பார்ப்பதும் நட்பன்று. அவ்வாறு நடந்தால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். விட விரும்புபவனுக்கு மட்டுமே இந்தத் துணை. "அரசாங்கம் விற்பனையை நிறுத்தட்டும், நாங்கள் விடுகிறோம்" என்று கூறுவாரும் உண்டு. அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். அதற்காக நம் நுரையீரலைப் பணயம் வைத்துக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. நட்பால் மட்டும் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பழக்கம் முற்றியவர்க்கு மருத்துவர் யோசனையும், நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை போன்ற மருந்தும் தேவைப்படலாம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையமும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. வேடிக்கை என்னவென்றால், அந்த எண் சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. பெட்டியைத் திறக்குமுன் யாரேனும் ஒருவர் அதைப் படித்துக் காட்டினால் போதும்.

இது புகைப்பவரின் சொந்த விவகாரம் என்று ஒதுங்கவும் இயலாது. தங்கவயலின் பழைய லைன் வீடுகளைக் கண்டவர்க்குத் தெரியும். ஒடுங்கிய அறையில் தந்தை விடும் புகையைத் தாயும் குழந்தையும் சுவாசித்தே தீரவேண்டும். வெளியே சயனைடு மண்மேடுகளின் தூசு, உள்ளே புகை. அக்குழந்தை எங்கே செல்லும்?

இளமையில் விடுபவர்க்குக் கிடைக்கும் ஆதாயமும் சிறிதன்று. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார், 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்றாண்டுகளை மீட்கிறார், 50இல் விட்டவர் ஆறு, 40இல் விட்டவர் ஒன்பது, 30இல் விட்டவரோ ஏறக்குறையப் பத்தையும் மீட்டுவிடுகிறார். நம்மில் பெரும்பாலோர் இன்னும் முப்பதை எட்டவில்லை. வாழ்க்கையின் பத்தாண்டுகளை அப்படியே திரும்பப் பெறும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது.

ஆகவே, நண்பர்களே! உங்கள் அறையில் ஒருவர் விட முயன்று தோற்றிருந்தால், "உறுதி இல்லாதவன்" என்று அவரைச் சொல்லாதீர்கள். "அடுத்த முறை எந்த நாள்? நானும் உடன் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சுரங்கத்தின் இருளில் பாறை சரிந்தபோது, நம் முன்னோர் உடனிருந்தவனை விட்டு ஓடவில்லை. கை கொடுத்துத் தூக்கினர். அந்தக் கை நமக்கும் இருக்கிறது.