மகன் மறைக்கும் வலி



ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் செழித்த நம் ஊர்களில் விடுமுறை நாள் விடிந்ததுமே, மட்டையும் பந்துமாகப் பாலாற்று மணற்பரப்பை நோக்கிப் பிள்ளைகள் புறப்பட்டுவிடுகின்றனர். மாலையில் மகன் காலைத் தாங்கி நடந்து வருகிறான். கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறான். முழங்கால் வலித்தால் காட்டியிருப்பான். வலிப்பது தொடையிடுக்கு ஆதலால் நாணி மறைக்கிறான். அதனால் விளையும் கேட்டை இம்மாதம் சிந்திப்போம்.

வேகப்பந்து வீசுபவன் முன்காலை ஊன்றும்போதும், ஓட்டம் எடுப்பவன் சட்டெனத் திரும்பும்போதும், பந்தைத் தடுப்பவன் பக்கவாட்டில் பாயும்போதும் இழுபடுபவை உட்தொடைத் தசைகளே. முன்னர் அடிபட்டு முழுதும் ஆறாத கால், வலுவற்ற தசை, பயிற்சியின்றித் திடீரென நாள் முழுதும் ஆடுதல் ஆகியவை காயத்தை அழைத்து வருகின்றன.

இது பெரிய ஆட்டக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. புவனேஷ்வர் குமார் 2020இல் லண்டனிலும், கே.எல். ராகுல் 2022இல் ஜெர்மனியிலும், குல்தீப் யாதவ் 2024இல் மியூனிக் நகரிலும் இப்பகுதிக் காயத்திற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டனர். அவர்களைக் கண்காணிக்க மருத்துவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கோ நாம்தான் உண்டு.

வளரும் பருவத்தில் எலும்பின் முனை முற்றியிராது. ஆகவே, பெரியவருக்குத் தசை கிழியும் இடத்தில் சிறுவனுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்துவிடலாம். பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளை, அடிபடாமலேயே தொடையிடுக்கு அல்லது முழங்கால் வலியுடன் நொண்டினால், இடுப்பு மூட்டில் எலும்பு நழுவியிருக்கவும் கூடும். அவனை நடக்கவிடாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்றுண்டு. பந்து பட்டோ, படாமலோ, உறக்கத்திலோகூட, விரையில் திடீரெனக் கடும் வலி, வீக்கம், வாந்தி தோன்றினால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலம் கடந்தால் விரையையே இழக்க நேரும். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

சாதாரணத் தசைப்பிடிப்பாயின், முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து உருவுவதும் சூடான ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து ஓய்வு கொடுங்கள். வலி தீராமல் ஆட விடாதீர்கள்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி, மேற்காலைத் தோழன் பிடித்துக்கொள்ள, உடலை உயர்த்திக் கீழ்க்காலை அதனோடு சேர்ப்பது எளிய பயிற்சி. நார்வே நாட்டுக் கால்பந்து வீரர்களிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சி தொடையிடுக்குத் தொல்லையை 41 விழுக்காடு குறைத்தது. தோல் பந்தில் ஆடும் பிள்ளைக்குக் கவசமாகிய 'கார்டு' இல்லாமல் மட்டையைக் கொடுக்காதீர்கள்.

வெட்கம் போற்றத்தக்க பண்பே. ஆயினும் நோயை மறைப்பது வெட்கமன்று. தந்தையரே, இன்றிரவே மகனை அருகழைத்து, "அங்கே வலித்தாலும் என்னிடம் சொல்" என்று கூறிவையுங்கள். அந்த ஒரு சொல் அவனைக் காக்கும்.